பதினேழு காசு வச்சிருந்தவரு

பேரு வேணாம். சொன்னா தெப்பக்குளத்தச் சுத்தி இருக்குற பாதிப் பேருக்கு ஆளு யாருன்னு தெரிஞ்சிரும். அவரு சொந்தக்காரன் எவனாவது வந்து எங்கிட்ட நியாயம் கேப்பான். எனக்கு இந்த வயசுல அதெல்லாம் தேவையில்ல.

இஸ்திரிக்காரனுக்கு மனுசன்னா முதல்ல சட்டதான் ஞாபகம் வரும். மூஞ்சி அப்புறந்தான். அவருக்கு மூணு சட்ட. ரெண்டு வெள்ள, ஒண்ணு சந்தனக் கலரு. மூணுக்கும் காலரு நஞ்சுபோயி, திருப்பித் தச்சிருக்கும். நான் வண்டி போட்டிருந்த எடத்துக்கு நேர் எதிர்ல அவரு வீடு. ஒரு ஆபீஸ்ல கிளார்க்கா இருந்தாரு. முதல் தடவ சட்டையக் கொண்டாந்து குடுக்கும்போதே சொன்னாரு, "முன்பக்கமும் காலரும் மட்டும் தேய்ப்பா. இடுப்புக்குக் கீழ பேண்டுக்குள்ள போறதுதான, அதுக்கு எதுக்கு?"

"முதுகு சார்?"

"நாக்காலியில சாஞ்சா கசங்கத்தான போகுது. பாதிச் சட்டைக்குப் பாதிக் கூலி போட்டுக்க."

வெளையாட்டுக்குச் சொல்றாருன்னு நெனச்சு நான் சிரிச்சேன். அவரு சிரிக்கல. இருவது வருசத்துக்கு மேல பாதிச் சட்டதான் தேச்சுக் குடுத்தேன். பின்னாடியிருந்து பாத்தா சாக்கு மாதிரி இருக்கும். முன்னாடியிருந்து பாத்தா ஆபீசரு. அந்த மனுசனே அப்படித்தான்னு எனக்குப் போகப் போகத்தான் தெரிஞ்சுச்சு.

அவருக்கு உலகத்துல ஒரே ஒரு சாமான்தான் சாமான். பவுன் காசு. ராஜா தலையோ ராணி தலையோ போட்ட, எட்டு கிராம் வெள்ளக்காரன் காசு. மத்ததெல்லாம் அந்தக் காசா ஆகுறதுக்கு முன்னாடி வேற வேசத்துல திரியிற பொருளு. வெங்கல உருளிய நீட்டுனா அவரு கண்ணுக்கு உருளி தெரியாது. "இது அரைக்கால் காசு" ம்பாரு. சாவி போட்டா மணியடிக்கிற பழைய பூட்டக் காட்டுனா "இந்த மாதிரி பதினஞ்சு பூட்டு இருந்தா ஒரு காசு" ம்பாரு. வெள்ளி ரூபா, செப்புக் காசு, பழைய நோட்டு, தபால் தலை, கிராமபோன் பெட்டி, பீங்கான் ஜாடி, எது கெடச்சாலும் வாங்குவாரு. ஒண்ணக் குடுத்து இன்னொண்ண வாங்கி, அதக் குடுத்து வேறொண்ண வாங்கி, கடைசியில கோயிலுக்குப் பக்கத்துச் சந்துல ஒரு யாவாரிகிட்ட எல்லாத்தையும் தள்ளிட்டு ஒரு பவுன் காசோட வருவாரு. "எதையும் வச்சுக்கிறதுக்கு வாங்கக் கூடாதுப்பா. மாத்துறதுக்குத்தான் வாங்கணும்" னு எனக்குப் பாடம் வேற.

ஒரு நா நக்கலாக் கேட்டேன். "சார், என்னைய மாத்துனா எம்புட்டு வரும்?"

தலையில இருந்து கால் வரைக்கும் பாத்தாரு. நெசமாவே கணக்குப் போட்டிருக்காரு போல. "உன்னைய யாருப்பா வாங்குவா" ன்னுட்டுப் போயிட்டாரு.

ஞாயித்துக்கிழமையானா மாட்டுத்தாவணியில பஸ் ஏறிருவாரு. ஒரு கையில பிளாஸ்டிக் வாளி அடுக்கு, இன்னொரு கையில எவர்சில்வர் தட்டுக் கட்டு. ஊர் ஊராப் போயி, புதுச் சாமானக் குடுத்துப் பழச வாங்குறது. என் மாமியார் ஊரு கொட்டாம்பட்டிக்குப் பக்கத்துல. அது தெரிஞ்சதும் என்னைய விடல. "உனக்கு அங்க நாலு பேரத் தெரியும், கூட வாப்பா" ன்னாரு. புத்தி கெட்டுப்போயி நானும் போனேன்.

அவரு ஒரு வீட்டுக்குள்ள நுழையிறதப் பாக்கணும். வேணுங்கிற சாமான் மேல கண்ணு போகவே போகாது. மாட்டப் பாத்து "நல்லா வச்சிருக்கீங்கம்மா" ம்பாரு. தண்ணி கேட்டுக் குடிப்பாரு. டிவியப் பத்திப் பேசுவாரு. கெளம்பிச் செருப்பையும் மாட்டிட்டு, வாசல்ல நின்னு, ஏதோ இப்பத்தான் கண்ணுல பட்ட மாதிரி, "அது என்னம்மா மூலையில, ஓட்ட செம்பா?" ன்னு கேப்பாரு. அந்தச் செம்புக்குத்தான் அந்த மனுசன் அரைமணி நேரமா மாட்டப் பத்திப் பேசிக்கிட்டு இருந்திருக்காரு.

என் மச்சினன் பொண்டாட்டி நூறு நாள் வேலைக்குப் போற புள்ள. கம்மாயில மண்ணு வெட்டுறப்ப ஒரு கையளவு செப்புக் காசு கெடச்சிருக்கு. பச்சையாப் பாசி புடிச்ச மாதிரி இருந்துச்சு. மஞ்சப் பையில போட்டு ஆணியில தொங்க விட்டிருந்துச்சு. சாரு ஒண்ண எடுத்துப் பாத்தாரு. அவரு கழுத்து நரம்பு துடிச்சத நான் பாத்தேன். ஆனா வாயி என்ன சொல்லுது? "ம்ம், சாதாரணமாத்தாம்மா இருக்கு. அடுத்த வாரம் வாரேன், பாப்போம்." ஒரு வாரம் போட்டு வச்சா அந்தப் புள்ள ரெண்டு வாளிக்கே குடுத்துரும்னு அவரு கணக்கு.

அடுத்த ஞாயித்துக்கிழம போனோம். அந்தப் புள்ள சிரிச்ச மூஞ்சியோட ஒரு தட்டுல வச்சு நீட்டுச்சு. அம்புட்டும் தகதகன்னு மின்னுது. புளியும் சாம்பலும் போட்டு, தேங்கா நாரால மூணு நாளு தேச்சிருக்கு.

சாரு அப்படியே கீழ உக்காந்துட்டாரு. "என்னம்மா பண்ணி வச்சிருக்க? அந்தப் பச்சையிலதாம்மா வெலயே இருந்துச்சு."

"அழுக்கோடயா குடுக்கச் சொல்றீங்க? வீடு தேடி வந்த மனுசருக்கு அழுக்குச் சாமானக் குடுக்குற பழக்கம் எங்க வீட்டுல இல்ல" ன்னு அது சொல்லுச்சு. என்னையப் பாத்து, "என்னண்ணே, இவரு இப்படி ஒக்காந்துட்டாரு? காப்பி போடவா?"

திரும்பி வாரப்ப பஸ்ல மேலூர் வந்ததும், "அரைக் காசு போச்சுப்பா" ன்னாரு. அம்புட்டுத்தான். வாய் நெறைய "நல்ல காசும்மா, இன்னைக்கே குடு" ன்னு சொல்லியிருந்தா நாலு வாளியில முடிஞ்சிருக்கும். சும்மா ஒரு பேச்சுக்குக்கூட ஒரு பொருள நல்லதுன்னு சொல்லிட்டா அவருக்கு ஏதோ ஒடம்புல ரத்தம் கொறஞ்ச மாதிரி.

அதுக்கப்புறம் செல்போன் வந்து அவரு பொழப்புல மண்ணள்ளிப் போட்டுச்சு. எங்க போனாலும் பொம்பளைங்க டிராக்டர் படம் போட்ட அஞ்சு ரூவா நோட்ட எடுத்து நீட்டி, "இது அஞ்சு லட்சம் போகுதாம்ல? யூடியூப்ல ஒருத்தன் சொன்னான்" ங்குறது. இவரு "அப்ப அவன்கிட்டயே குடும்மா" ன்னு கத்துறது. இருவது வருசமா அந்த சனத்த ஏமாத்துன மனுசன், வேற ஒருத்தன் ஏமாத்திட்டான்னு அம்புட்டு வருத்தப்பட்டாரு.

என் கதையையும் சொல்லிர்றேன், இல்லாட்டி ஊரான் வீட்டு ஏமாளித்தனத்த மட்டும் சொல்றேம்பீங்க. எங்கிட்ட ஒரு பித்தள இஸ்திரிப் பெட்டி இருந்துச்சு. எட்டு கிலோ. மூடியில ஒரு சேவல் நிக்கும், அதப் புடிச்சுத்தான் தெறந்து கரி போடுறது. எங்க மாமா தந்தது. பத்து வருசமா அத விடாம கேட்டாரு. ஒரு மழக்காலம், எனக்குத் தோள்பட்ட புடிச்சுக்கிச்சு, கைய ஒசத்த முடியல. அப்பப் பாத்து வந்தாரு. "எட்டு கிலோவ இழுத்து இழுத்துத்தான்பா உனக்கு இந்தக் கதி. லேசான பெட்டி ஒண்ணு தாறேன்." பாசமாப் பேசுனாரு. அந்த மனுசன் எங்கிட்டப் பாசமாப் பேசுனது அந்த ஒரு நாதான். குடுத்துட்டேன். புதுப் பெட்டி நாலே மாசத்துல அடி வளஞ்சு ஒரு டாக்டரு வீட்டுப் பட்டுச் சேலையப் பொசுக்கிருச்சு. என் சேவப் பெட்டி எங்க இருக்குன்னு ஒரு நா கேட்டேன். "அது அப்பவே காலே அரைக்கால் காசாப் போயிருச்சே" ன்னாரு. செத்த மனுசனுக்குக்கூட எங்க பொதச்சோம்னு ஒரு எடஞ் சொல்லுவாங்க.

இப்படி முப்பது வருசத்துல பதினேழு காசு சேத்தாரு. ஒவ்வொண்ணையும் பஞ்சுல சுத்தி, பழைய பிலிம் ரோல் டப்பாவுல போட்டு, அரிசி டிரம்முக்குள்ள வச்சிருந்தாரு. மாசத்துக்கு ஒரு தடவ கதவச் சாத்திட்டு எடுத்துப் பாப்பாரு. கையக் கழுவித் தொடச்சுட்டு, ஓரத்துல மட்டும் புடிச்சு. லென்ஸ் வச்சுப் பாப்பாராம். வீட்டம்மா தொடக் கூடாது. வேர்வ பட்டா மங்கிருமாம்.

இதெல்லாம் அந்தம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். புள்ளகுட்டி இல்ல. பதினேழு பவுன் காசு வச்சிருக்குறவரு பொண்டாட்டி கழுத்துல என்ன கெடந்துச்சு தெரியுமா? கவரிங்கு. புதுமண்டபத்துப் பக்கம் வாங்குனது. வெயில் காலத்துல கழுத்தச் சுத்திப் பச்சக் கோடு விழுந்திருக்கும். எங்கிட்டச் சேல குடுக்க வாரப்ப முந்தானைய இழுத்து மூடிக்கும்.

அந்தம்மா பொறந்த ஊரு அலங்காநல்லூர். தம்பி மகளுக்குத் தை மாசம் கல்யாணம் வச்சிருந்தாங்க. அத்தைதான முன்னாடி நிக்கணும். அந்த வீட்டுல தம்பி பொண்டாட்டி முறைக்காரிக ஒவ்வொரு விசேசத்துலயும், "மதினி, கவரிங்கக் கழட்டி வைங்க, கழுத்து கறுத்துப்போகும்" னு சொல்லிச் சிரிக்கிறதாம். அதுக்காக அந்தம்மா ஒரே ஒரு ஆசப்பட்டுச்சு. அந்தக் காச ஒரு மாலையாக் கோத்து ஒரு நாளைக்குப் போட்டுக்கணும். அந்தம்மா கேட்டது, அவரு பதில் சொன்னது ரெண்டும் வாசல்லயே நடந்துச்சு. நான் வண்டியில கரி தட்டிக்கிட்டிருந்தேன்.

"ஒரு நாளைக்குத்தாங்க. காலையில போட்டுட்டு சாயந்தரம் கழட்டித் தந்துர்றேன்."

"கோக்கணும்னா ஒவ்வொரு காசுக்கும் ஓரத்துல தீய வச்சு வளையம் பத்த வைக்கணும். பத்த வச்சா காசு செத்துப்போச்சு. அப்புறம் அது எடைக்குப் போற வெறுந் தங்கந்தான்."

"செத்தாச் சாகட்டும். இத யாருக்குன்னு வச்சிருக்கீங்க?"

"யாருக்குன்னு எதுக்கு? இருக்கட்டும்னு வச்சிருக்கேன்."

அந்தம்மா உள்ள போயி அரிசி களஞ்ச சத்தங் கேட்டுச்சு.

அவரு சொன்னது பொய்யில்ல, அதையும் சொல்லிரணும். கிராமத்துப் பொம்பளைங்க காசுமாலையப் பிச்சுக் கொண்டாந்து குடுப்பாங்க. காசு ஓரத்துல வளையம் பத்த வச்ச தழும்பு இருக்கும். அத அவரு மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டு எடைக்குத்தான் எடுப்பாரு. தழும்பு உள்ள ஒரு காச அவரு டப்பாவுல சேத்ததில்ல. பொம்பள கழுத்துல கெடந்து வந்ததுன்னாலே அவருக்கு ஆகாது.

தை மாசம் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக்கு வருசா வருசம் போவாரு. மாட்டப் பாக்கன்னு நெனச்சிராதீங்க. வாடிவாசலுக்கு முதுகக் காட்டிக்கிட்டு வெளிய நிப்பாரு. உள்ள ஒருத்தன் மாட்ட அணஞ்சா மைக்குல "தங்கக் காசு" ன்னு சத்தங் கேக்கும். கொஞ்ச நேரத்துல அந்தப் பய மேலெல்லாம் மண்ணோட, முழங்கை பேந்து வெளிய வருவான். ஊரே அவனத் தூக்கிக் கொண்டாடும். இவரு மட்டும் கிட்டப் போயி, "மாப்ள, அத வச்சு என்ன பண்ணப்போற?" ன்னு ஆரம்பிப்பாரு. ஒரு தடவ ஒருத்தன் விலா எலும்பு முறிஞ்சு ஆம்புலன்ஸ்ல கெடக்கான், இவரு ஏறி அவன் பக்கத்துல உக்காந்து பேரம் பேசியிருக்காரு. அதப் பெருமையா எங்கிட்டச் சொல்றாரு. அது ஒரு கிராமு, ரெண்டு கிராமுன்னு சின்னக் காசு. அதுல நாலஞ்ச சேத்துத்தான் ஒரு பவுன் காசா மாத்துறது.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஜல்லிக்கட்டு வந்துச்சு. அவரு விடிய முன்ன பஸ் ஏறிட்டாரு. ஒம்பது மணிக்கு அந்தம்மா ஒயர்க் கூடையோட என் வண்டிக்கு முன்னாடி வந்து நின்னுச்சு.

"அண்ணே, பெட்டிய எறக்கி வச்சுட்டு எங்கூட வாங்க. ஒத்தையில போகப் பயமா இருக்கு."

கூடைக்குள்ள ஒரு துண்டு. துண்டுக்கடியில பிலிம் டப்பா. பெட்டிய எறக்கி வச்சுட்டுப் பின்னால போனேன். ரெண்டு தெரு தள்ளி ஒரு ஆசாரி இருந்தாரு. பொங்கலுக்குக் கட அடைப்பு. வீட்டுலயே வேல பாத்துத் தாரேன்னு முதல் நாளே அந்தம்மாகிட்டச் சொல்லியிருக்காரு.

ஆசாரி முதல் டப்பாவத் தெறந்து பஞ்ச விலக்கிப் பாத்தாரு. ரெண்டாவது. மூணாவது. அப்புறம் எல்லாத்தையும் வரிசையா வச்சுட்டு நிமிந்தாரு.

"அக்கா, ஒரு கீறல் இல்ல. இப்படிக் காசு நான் கையில தொட்டதே இல்ல. பத்த வச்சா இது காசா வெலைக்குப் போகாது, நகையா எடைக்குத்தான் போகும். பின்னால வளையத்த எடுத்தாலும் தழும்பு நிக்கும். சாருக்குத் தெரியுமா?"

"அவருக்குத் தெரிஞ்ச மாதிரி இந்த ஊருல வேற யாருக்கும் தெரியாது. நீங்க வைங்க."

ஆசாரி என்னையப் பாத்தாரு. நான் வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். கூட வந்த ஆம்பளன்னு அவரு கேட்டிருப்பாரு. எனக்கு என் பித்தளப் பெட்டி ஞாபகம் வந்துச்சு. சொவத்துல தொங்குன காலண்டரப் பாத்துக்கிட்டு நின்னேன்.

முதல் காசுல தீ பட்டு, தண்ணியில போட்டதும் சொய்யின்னு ஒரு சத்தம். அந்தம்மா கண்ண மூடிக்கிச்சு. ரெண்டாவதுக்கு மூடல. மூணு மணிக்கெல்லாம் பதினேழுக்கும் வளையம் ஏறி, சிகப்புப் பட்டு நூல்ல கோத்தாச்சு. கூலிய அந்தம்மா தன் சிறுவாட்டுக் காசுல குடுத்துச்சு. அங்கயே கழுத்துல போட்டு, கவரிங்கக் கழட்டிக் கூடைக்குள்ள போட்டுச்சு. வெறும் பிலிம் டப்பாவெல்லாம் அதுக்குள்ள கடகடன்னு உருண்டுச்சு. தெருவுல நடந்து வாரப்ப நான் பின்னாடி வந்தேன். முந்தானைய இழுத்து மூடல.

சாயந்தரம் அவரு வந்தாரு. தலையெல்லாம் புழுதி, மூஞ்சியெல்லாம் சந்தோசம். "மூணு கெடச்சுச்சுப்பா" ன்னு எங்கிட்டச் சட்டப் பையத் தட்டிக் காட்டிட்டு உள்ள போனாரு. டிரம் மூடி தெறக்குற சத்தம். நான் பெட்டியில கரி போடுற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்.

செத்த நேரங் கழிச்சு அந்தம்மா கையப் புடிச்சு வாசலுக்கு, வெளிச்சத்துக்கு இழுத்துட்டு வந்தாரு. அடிக்கத்தான் போறாருன்னு நான் கரி அள்ளுற கரண்டியோட ரோட்டத் தாண்டிட்டேன். அவரு அடிக்கல. பையிலருந்து லென்ஸ எடுத்தாரு. பொண்டாட்டி கழுத்துல தொங்குற காச ஒவ்வொண்ணாத் தூக்கிப் பாக்குறாரு.

"ராணி தல. நாசம்." அடுத்தது. "ராஜா தல. நாசம்."

பதினேழையும் பாத்தாரு. தெருவுல ஆளு கூடிருச்சு. அந்தம்மா டெய்லருக்கு அளவு குடுக்குற மாதிரி தாடைய ஒசத்திக்கிட்டு அசையாம நின்னுச்சு. அந்த மனுசன் கண்ணுல தண்ணி. எனக்கு ஒரு நிமிசம் பாவமாத்தான் இருந்துச்சு. அப்புறம் ஆம்புலன்ஸ்ல கெடந்த பய ஞாபகம் வந்து அதுவும் போயிருச்சு.

"கழட்டு."

"கல்யாணம் முடியட்டும்."

கல்யாணத்துக்கு நானும் போனேன். முன் வரிசையில அந்தம்மா நின்னுச்சு. ஒருத்தி வாயத் தெறக்கல. கழுத்துல எண்ணிப் பாத்துக்கிட்டு சும்மா இருந்தாளுக.

ஆனா கல்யாணம் முடிஞ்சும் அந்தம்மா கழட்டல. அதுதான் அவரு எதிர்பாக்காதது. எடைக்குப் போட்டுட்டுத் திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கலாம்னு அவரு கணக்குப் போட்டிருந்தாரு. அந்தம்மா குளிக்கப் போனாலும் மால கழுத்துல. காய் வாங்கப் போனாலும், ரேசன் கடைக்குப் போனாலும், கோயிலுக்குப் போனாலும் கழுத்துல. பதினேழு பவுன். மதுரையில பைக்குல வாரவன் ஒரே இழுப்புல இழுத்துட்டுப் போயிருவான். ஒத்தையில விட முடியுமா? அதனால அவரு கூடப் போக ஆரம்பிச்சாரு. கையில ஒரு கொட, ரெண்டடி பின்னால. ஞாயித்துக்கிழம கொட்டாம்பட்டி நின்னுபோச்சு. வாளி, தட்டு, யாவாரி, எல்லாம் நின்னுபோச்சு. பக்கத்துல ஒரு வண்டி வந்தாப் போதும், கொடைய விரிச்சு அந்தம்மாவ மறைப்பாரு. இத்தன வருசத்துல அந்த மனுசன் பொண்டாட்டியோட சேந்து நடந்து நான் பாத்தது அப்பத்தான்.

ஒரு நா வெயில் தாழ்ந்ததும் ரெண்டு பேரும் கெளம்புனாங்க. அந்தம்மா முன்னால. காசு ஒண்ணோட ஒண்ணு இடிச்சு சின்னதா ஒரு சத்தம். அவரு செருப்புக்கூட சரியா மாட்டாம பின்னாலயே ஓடி வாராரு.

"எங்கம்மா, கடைக்கா?" ன்னு கேட்டேன்.

"கடைக்கெல்லாம் இல்லண்ணே. தெப்பக்குளத்த ஒரு சுத்துச் சுத்திட்டு வாரேன்."

"நேத்துத்தான சுத்துன" ன்னு பின்னாடியிருந்து அவரு முனகுனாரு. "முட்டி வலிக்குதுடி."

அந்தம்மா திரும்பிப் பாக்கல. அன்னைக்கு மூணு சுத்து.